பிஎச்பி டெர்மினல் கருவிக்கு எந்தக் கன்டெய்னர்?

பிஎச்பியில் டெர்மினல் கருவி ஒன்றை எழுதத் தொடங்கும் நாளில் கன்டெய்னர் பற்றி யாரும் யோசிப்பதில்லை, யோசிக்கவும் வேண்டாம். பாக்கேஜ்களை நிறுவித் தரும் கம்போசர் மூலம், டெர்மினல் கட்டளைகளை எழுத உதவும் சிம்ஃபொனி கன்சோலைச் சேர்த்து, 'பின்' (bin) ஃபோல்டரில் ஒரு ஃபைலை வைத்து, ஒரு கட்டளையை எழுதினால் கருவி ஓடிவிடும். ஐந்தாறு கட்டளைகள் சேர்ந்த பிறகுதான் சிக்கல் தலைகாட்டும். டேட்டாபேஸ் இணைப்பு, லாகர், எச்டிடிபி கிளையன்ட், மெயில் அனுப்பும் கிளாஸ் என எல்லாவற்றையும் அந்த ஒரே ஃபைலில் உருவாக்கி, ஒவ்வொரு கட்டளையின் கன்ஸ்ட்ரக்டருக்கும் கொடுத்துக்கொண்டிருப்போம். அப்போது குழுவில் யாராவது ஒருவர் "ஒரு டிஐ கன்டெய்னர் போட்டுவிடலாமே" என்பார். டிஐ என்பது டிபெண்டன்ஸி இன்ஜெக்ஷன்: ஒவ்வொரு கிளாஸுக்கும் தேவையான ஆப்ஜெக்டுகளை உருவாக்கிக் கோர்த்துத் தரும் பாகம்தான் அந்தக் கன்டெய்னர். போடலாம்தான். எதைப் போடுவது?

கன்டெய்னர் ஒப்பீடுகள் பெரும்பாலும் வெப் அப்ளிகேஷனுக்காக எழுதப்பட்டவை. ஒரு ரிக்வெஸ்டில் எத்தனை ஆப்ஜெக்ட், எவ்வளவு வேகம், எத்தனை வசதி என்று அவை அளக்கும். டெர்மினலில் கணக்கு வேறு. அந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

பேச வசதியாக ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். சிஎஸ்வி ஃபைல்களைப் படித்து டேட்டாபேஸில் ஏற்றுவது அதன் வேலை. ஏற்று, சரிபார், அறிக்கை, துப்புரவு என நான்கு கட்டளைகள். 'சரிபார்' கட்டளைக்கு டேட்டாபேஸே தேவையில்லை. ஃபைலைப் படித்து வரிசைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சொன்னால் போதும். 'அறிக்கை' மட்டும் மெயில் அனுப்பும்.

டெர்மினலில் எது வேறுபடுகிறது

முதலில், தொடக்கச் செலவு. டெர்மினலில் ஒவ்வொரு முறை கட்டளையைத் தட்டும்போதும் பிஎச்பி புதிதாகப் பிறந்து, வேலை முடிந்ததும் இறக்கிறது. வெப் சர்வரில் ஓப்கேஷ் கம்பைல் ஆன நிரலை நினைவகத்தில் வைத்திருக்கும். டெர்மினலுக்கு அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. பிஎச்பி அமைப்பு ஃபைலில் அதற்கான மதிப்பு 0. தரவை நினைவகத்தில் வைக்கும் ஏபிசியு கேஷுக்கும் அதே கதைதான். எனவே "எங்கள் கன்டெய்னர் வரையறைகளை ஏபிசியுவில் சேமிக்கும்" என்ற பெருமைக்கு இங்கே பயன் எதுவும் இல்லை. ஏபிசியுவை டெர்மினலுக்கு இயக்கிவிட்டாலும், அந்த நினைவகம் புராசஸோடு சேர்ந்து போய்விடும். ஓப்கேஷின் ஃபைல் கேஷை இயக்கி ஓரளவு மீட்கலாம். ஆனால் அது கருவியை நிறுவும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது, இதைவிட முக்கியமானது: எந்தக் கட்டளை ஓடப்போகிறது என்பது தெரிவதற்கு முன்பே எல்லாக் கட்டளைகளும் உருவாகிவிடுவது. கட்டளை ஆப்ஜெக்டுகளை ஒவ்வொன்றாக உருவாக்கி அப்ளிகேஷனில் சேர்ப்பதுதான் எல்லோரும் முதலில் எழுதும் முறை. அப்படிச் செய்தால் 'சரிபார்' என்று தட்டினாலும் 'ஏற்று' கட்டளையின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும், அதற்குத் தேவையான டேட்டாபேஸ் இணைப்பும் திறக்கும். டேட்டாபேஸ் சர்வர் படுத்திருந்தால் கருவியின் பதிப்பு எண்ணைக்கூடப் பார்க்க முடியாது. உதவிப் பக்கத்தைக் கேட்டவருக்கு இணைப்புப் பிழை காட்டும் கருவியைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. இணையக் கடைகளுக்கான மஜென்டோ 2 இந்தச் சிக்கலுக்குத்தான் கட்டளைகளின் கன்ஸ்ட்ரக்டரில் நேரடி கிளாஸுக்குப் பதில், பயன்படுத்தும்போது மட்டும் உண்மை ஆப்ஜெக்டை உருவாக்கும் பிராக்ஸியை வைக்கச் சொல்கிறது.

மூன்றாவது, கோழியா முட்டையா சிக்கல். எந்த அமைப்பு ஃபைலைப் படிக்க வேண்டும் என்பதைப் பயனர் கட்டளை வரியில் ஒரு ஆப்ஷனாகக் கொடுக்கிறார். அந்த ஃபைலைப் படித்தால்தான் கன்டெய்னரைக் கட்ட முடியும். கன்டெய்னரைக் கட்டினால்தான் கட்டளை கிடைக்கும். கட்டளை கிடைத்தால்தான் அந்த ஆப்ஷன் என்னவென்று முறைப்படி தெரியும். வெப்பில் இந்த வட்டம் பெரும்பாலும் வருவதில்லை, ஏனென்றால் அமைப்பு ரிக்வெஸ்டிலிருந்து வருவதில்லை.

நான்காவது, திரையில் எழுதும் அவுட்புட் ஆப்ஜெக்ட். அது கட்டளை ஓடும் நேரத்தில் கையில் கிடைப்பது. ஆனால் உள்ளே இருக்கும் ஏற்றும் கிளாஸ்கள் "இத்தனை வரிசை முடிந்தது" என்று சொல்ல விரும்பும். அவுட்புட்டைக் கன்டெய்னருக்குள் வைப்பதா, வேண்டாமா?

எந்தக் கன்டெய்னரை எடுத்தாலும் இந்த நான்கும் கூடவே வரும். எனவே தேர்வுகளை இவற்றின் மீது உரசிப் பார்ப்போம்.

கையால் கோர்ப்பது

கன்டெய்னரே இல்லாமல், தொடக்க ஃபைலில் எல்லாவற்றையும் நாமே உருவாக்கிக் கோர்ப்பது முதல் வழி. இதைத் தற்காலிக ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். கம்போசரைப் பாருங்கள்: சிம்ஃபொனி கன்சோல் மேல் எழுந்த கருவி, உலகெங்கும் ஓடுகிறது, டிஐ கன்டெய்னர் கிடையாது. ஃபேக்டரி கிளாஸ் ஒன்று பாகங்களைக் கோர்த்துத் தருகிறது. நிரலின் எழுத்து நடையைச் சீராக்கும் பிஎச்பி-சிஎஸ்-ஃபிக்சரும் கட்டளைகளைக் கையால்தான் உருவாக்குகிறது. ஆக இந்த வழி சின்னக் கருவிக்கு மட்டும் உரியது என்று சொல்ல முடியாது.

இதன் பலம் வெளிப்படைத்தன்மை. எது எங்கிருந்து வருகிறது என்று எடிட்டரில் கிளிக் செய்தே போய்விடலாம். ஒரு கன்ஸ்ட்ரக்டரை மாற்றினால் பிஎச்பிஸ்டான் போன்ற சோதனைக் கருவி உடனே கத்தும். கன்டெய்னர் வழியாகப் போகும்போது அந்தக் கண் மங்கிவிடுகிறது. புதிதாகக் குழுவில் சேர்பவருக்கு விளக்கவும் ஒன்றுமில்லை.

முன்கூட்டியே எல்லாம் உருவாகும் சிக்கலுக்கும் இங்கே வழி இருக்கிறது. சிம்ஃபொனி கன்சோல் 3.4இல் கமாண்ட் லோடர் என்ற ஏற்பாடு வந்தது. ஃபேக்டரி கமாண்ட் லோடருக்குக் கட்டளைப் பெயர்களையும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குளோஷரையும் (பிறகு அழைக்கக்கூடிய பெயரில்லா ஃபங்ஷன்) கொடுத்துவிட்டால், தட்டிய கட்டளையின் குளோஷர் மட்டுமே ஓடும். 'சரிபார்' டேட்டாபேஸைத் தொடாது.

ஆனால் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. கட்டளைப் பட்டியலைக் காட்டச் சொன்னால் ஒவ்வொன்றின் விளக்க வரியும் தேவை. அதைக் கேட்கக் கட்டளையை உருவாக்கித்தான் ஆக வேண்டும். எனவே லோடர் இருந்தாலும் பட்டியலைக் கேட்டதும் எல்லாம் பிறந்துவிடும். சிம்ஃபொனி 5.3இல் வந்த லேஸி கமாண்ட் இதைத் தீர்க்கிறது: பெயர், மாற்றுப் பெயர்கள், விளக்கம், மறைந்த கட்டளையா என்ற தகவல், கடைசியாக உண்மைக் கட்டளையை உருவாக்கும் குளோஷர். பட்டியலுக்கு முன்னவை போதும். ஓடும்போது மட்டும் குளோஷர் அழைக்கப்படும். இதை அப்ளிகேஷனில் நேரடியாகவே சேர்க்கலாம். கன்டெய்னர் எதுவானாலும், இல்லாவிட்டாலும், இந்த உத்தி செல்லும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப்போவதானால் இதை எடுத்துப்போங்கள்.

கையால் கோர்ப்பது எங்கே நொண்டும்? பாகங்களின் ஆழம் கூடும்போது. 'ஏற்று' கட்டளைக்கு ஏற்றும் சேவை வேண்டும், அதற்கு ரெபாசிட்டரி (டேட்டாபேஸில் படித்து எழுதும் கிளாஸ்), அதற்கு இணைப்பு, இணைப்புக்கு அமைப்பு, இடையில் லாகர் எல்லோருக்கும். லாகர் ஒன்றாகவே இருக்க வேண்டும், ரெபாசிட்டரி தேவைப்படும்போது மட்டும் பிறக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினால், ஒரு நாள் திரும்பிப் பார்க்கையில் நீங்களே ஒரு கன்டெய்னரை எழுதி வைத்திருப்பீர்கள், டெஸ்ட் இல்லாமல். அதுதான் அடுத்த கட்டத்துக்குப் போகும் நேரம்.

பிம்பிளும் அதன் உறவுகளும்

குளோஷர்களை ஒரு அரேயில் வைத்தது போன்ற சின்னக் கன்டெய்னர் பிம்பிள். சிம்ஃபொனியை உருவாக்கிய ஃபேபியன் பொட்டன்சியேவின் படைப்பு. சைலெக்ஸ் ஃபிரேம்வொர்க்கின் மையமாக இருந்தது. சைலெக்ஸ் 2018இல் ஓய்வுபெற்றது. பிம்பிள் இன்றும் ஓடும், கன்டெய்னர்களுக்கான பொது ஒப்பந்தமான பிஎஸ்ஆர்-11க்கு அடாப்டரும் உண்டு. ஆனால் ஆட்டோவயரிங், அதாவது கன்ஸ்ட்ரக்டரின் வகைகளைப் பார்த்துத் தானாகக் கோர்க்கும் வசதி, கிடையாது. கையால் கோர்க்கும் உழைப்பு அப்படியே இருக்கிறது, எடிட்டரின் உதவியும் போய்விடுகிறது, ஏனென்றால் இப்போது எல்லாம் சரத்தாலான சாவிகள். இன்று புதிதாகத் தொடங்குபவர் இதை எடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. லீக் கன்டெய்னர் இதைவிட ஒரு படி மேல்: சர்வீஸ் புரொவைடர்களும், விரும்பினால் ரிஃப்ளெக்ஷன் (ஓடும் நேரத்தில் கிளாஸின் அமைப்பைப் படிப்பது) வழி ஆட்டோவயரிங்கும் உண்டு. மோசமில்லை. ஆனால் அந்த இடத்தில் அடுத்து வருவது என் கண்ணுக்குச் சற்று வசதியானது.

பிஎச்பி-டிஐ

மாத்தியூ நபோலி உருவாக்கிய பிஎச்பி-டிஐயில் ஆட்டோவயரிங் இயல்பாகவே இயங்கும். கன்ஸ்ட்ரக்டரில் வகை குறிப்பிட்டிருந்தால் போதும், கிளாஸைத் தானே கட்டித் தரும். நம் உதாரணக் கருவியில் வரையறை ஃபைலில் எழுத வேண்டியது மூன்றோ நான்கோதான்: இணைப்புக்கான முகவரி, லாகர் இன்டர்ஃபேஸுக்கு எந்த கிளாஸ், மெயிலுக்கான அமைப்பு. மற்றவை பேசாமல் வந்து சேரும். சர்வீஸ்கள், அதாவது கன்டெய்னர் கட்டித் தரும் ஆப்ஜெக்டுகள், இயல்பாகவே பகிரப்படும். யார் கேட்டாலும் அதே லாகர்.

கன்சோலோடு இணைப்பதும் சுலபம். முன்பு சொன்ன பிஎஸ்ஆர்-11 ஒப்பந்தம் 2017இல் ஏற்கப்பட்டது. 'கெட்', 'ஹேஸ்' என்று இரண்டே மெத்தட். சிம்ஃபொனியின் கன்டெய்னர் கமாண்ட் லோடர் இந்த ஒப்பந்தத்தைப் பின்பற்றும் எந்தக் கன்டெய்னரையும் ஏற்கும். கட்டளைப் பெயருக்கு எதிரே கிளாஸ் பெயரை எழுதிக் கொடுத்தால் முடிந்தது. பட்டியல் சிக்கலுக்கு மேலே சொன்ன லேஸி கமாண்ட், குளோஷருக்குள் கன்டெய்னரின் 'கெட்' அழைப்பு.

கன்டெய்னர் கையில் கிடைத்ததும் அதையே கட்டளையின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்து, தேவைப்படும்போது உள்ளேயிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சர்வீஸ்களைத் தேவைப்படும்போது மட்டும் உருவாக்க இது குறுக்குவழிதான். ஆனால் கட்டளைக்கு உண்மையில் என்ன தேவை என்பது அப்போது கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்தால் தெரியாது, டெஸ்டில் முழுக் கன்டெய்னரையும் போலியாகக் கட்ட வேண்டிவரும். கன்டெய்னர் தொடக்க ஃபைலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

வரையறைகளை முன்கூட்டியே ஒரு பிஎச்பி ஃபைலாக மாற்றிவைக்கும் பிஎச்பி-டிஐயின் கம்பைல் வசதியைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, கம்பைல் ஆன ஃபைல் தானாகப் புதுப்பிக்காது. வரையறையை மாற்றினால் பழைய ஃபைலை நீங்கள்தான் அழிக்க வேண்டும். டெவலப்மென்டில் அதை இயக்கவே வேண்டாம். இரண்டு, 'யூஸ்' மூலம் வெளி மாறிகளை இழுக்கும் குளோஷர்களை அது கம்பைல் செய்யாது, பிழை சொல்லிவிடும். டெர்மினல் கருவியில் இது அடிக்கடி காலில் இடறும், ஏனென்றால் கட்டளை வரியிலிருந்து பெற்ற மதிப்பைக் குளோஷருக்குள் இழுக்கவே கை போகும். அந்த மதிப்பைக் கன்டெய்னர் கட்டிய பிறகு 'செட்' மூலம் வைத்துவிட்டு, வரையறையில் அதன் பெயரைச் சுட்டினால் தப்பிக்கலாம். கம்பைலே தேவையா என்றால், நாலைந்து கட்டளைக்குத் தேவையில்லை. ஒரு கட்டளைக்குப் பத்துப் பதினைந்து கிளாஸை ரிஃப்ளெக்ஷன் மூலம் பார்ப்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் தாமதமல்ல.

இதே ஆசிரியரின் சில்லி என்ற சின்ன ஃபிரேம்வொர்க்கும் உண்டு. கட்டளைக்குத் தனி கிளாஸ் எழுதாமல், பெயரையும் ஆர்க்யுமென்டுகளையும் ஒரே சரத்தில் எழுதி ஒரு குளோஷரைக் கொடுத்தால் போதும். உள்ளே இருப்பது சிம்ஃபொனி கன்சோலேதான். குளோஷரின் வகைக் குறிப்புகளைப் பார்த்துக் கன்டெய்னரிலிருந்து சர்வீஸ்களை நேரடியாகத் தரும். அதாவது, கட்டளை ஓடும்போதுதான் சர்வீஸ் பிறக்கும். சின்னஞ்சிறு உள்வேலைக் கருவிக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி இது. இப்போது சிம்ஃபொனி 7.3இலிருந்து கன்சோலிலேயே 'இன்வோக்' வடிவக் கட்டளைகளும், ஆர்க்யுமென்டை அட்ரிபியூட்டாக எழுதும் வசதியும் வந்துவிட்டதால், சில்லியின் கவர்ச்சி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சிம்ஃபொனி டிஐ, தனியாக

முழு ஃபிரேம்வொர்க் இல்லாமல் சிம்ஃபொனியின் டிபெண்டன்ஸி இன்ஜெக்ஷன் பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இதன் அணுகுமுறை வேறு: முதலில் எல்லா வரையறைகளையும் சேர்த்து ஒரு வரைபடம் கட்டும், பிறகு கம்பைல் செய்யும், கடைசியில் அதைச் சாதாரண பிஎச்பி ஃபைலாக டம்ப் செய்யும். ஓடும்போது ரிஃப்ளெக்ஷனும் இல்லை, யாம்ல் அமைப்பு ஃபைல் படிப்பதும் இல்லை.

வேகத்தைவிட இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, தவறுகள் கம்பைல் நேரத்திலேயே வெளிவருவது. 'அறிக்கை' கட்டளைக்குத் தேவையான மெயில் இன்டர்ஃபேஸுக்கு எந்த கிளாஸ் என்று சொல்ல மறந்திருந்தால், கம்பைல் அங்கேயே நிற்கும். பிஎச்பி-டிஐயில் அந்தக் கட்டளையை யாராவது ஓட்டும் நாள்வரை அது தெரியாது. மாதம் ஒருமுறை மட்டும் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் ஏற்பாடு) ஓடும் கட்டளை என்றால் அந்த வேறுபாடு பெரியது.

சர்வீஸ்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டும் டேக் வசதியும் இங்கே பலம். 'ஆஸ் கமாண்ட்' அட்ரிபியூட்டில் பெயரும் விளக்கமும் எழுதி, கன்சோல் பாகத்தோடு வரும் கமாண்ட் பாஸைக் கம்பைலரில் சேர்த்தால், டேக் உள்ள கட்டளைகளை அது தேடிப் பிடித்து, லேஸி கமாண்டாகச் சுற்றி, லோடர் ஒன்றைக் கன்டெய்னரில் வைத்துவிடும். தனியாகப் பயன்படுத்தும்போது மட்டும், கமாண்ட் கிளாஸின் வாரிசுகள் எல்லாவற்றுக்கும் அந்த டேக்கைப் போடு என்று நீங்கள் ஒரு வரி சொல்ல வேண்டும். முழு ஃபிரேம்வொர்க்கில் அதை வேறு யாரோ உங்களுக்காகச் சொல்லியிருப்பார்கள். அதேபோல, 4.0இலிருந்து சர்வீஸ்கள் இயல்பாகவே பிரைவேட், கன்டெய்னரிடம் நேரடியாகக் கேட்டு வாங்க முடியாது. யாரும் பயன்படுத்தாத சர்வீஸைக் கம்பைலர் தூக்கி எறிந்துவிடும். "நேற்று வரையறை எழுதினேனே, இன்று கன்டெய்னரில் காணோம்" என்ற திகைப்பு பெரும்பாலும் இதனால்தான்.

சுமையும் உண்டு. டம்ப் செய்த ஃபைல் எங்கே இருக்கும், எப்போது பழையதாகும், யார் புதுப்பிப்பார் என்ற கேள்விகள் உங்கள் தலையில். சாதாரண பாராமீட்டர்கள் டம்ப் ஆகும் நேரத்து மதிப்போடு உறைந்துவிடும். என்விரான்மென்ட் மாறியாகக் குறித்தவை மட்டுமே ஓடும் நேரத்தில் படிக்கப்படும். கட்டிய கம்ப்யூட்டரின் ஃபோல்டர் பாதை பாராமீட்டராக உறைந்து, வேறொரு கம்ப்யூட்டரில் போய் இல்லாத இடத்தைத் தேடும் கருவிகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

கருவியை ஃபார் ஃபைலாக, அதாவது முழுக் கருவியும் அடங்கிய ஒரே ஃபைலாக, கட்டி வெளியிடுகிறீர்கள் என்றால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். ஃபாருக்குள் ஓடும் நேரத்தில் எழுத முடியாது. பிஎச்பி இயல்பாகவே அதை வாசிக்க மட்டும் அனுமதிக்கிறது. எனவே கன்டெய்னரை ஃபார் கட்டுவதற்கு முன்பே டம்ப் செய்து உள்ளே வைக்க வேண்டும், இல்லையென்றால் பயனரின் தற்காலிக ஃபோல்டரில் எழுத வேண்டும். பயனர் தன் அமைப்பு ஃபைலால் சர்வீஸ்களையே மாற்றலாம் என்றால் முன்கூட்டிய டம்ப் உதவாது. பிஎச்பிஸ்டான் அப்படிப்பட்ட கருவி: நெட் டிஐ என்ற கன்டெய்னரைப் பயன்படுத்துகிறது, பயனரின் நியான் அமைப்பு ஃபைல்களைச் சேர்த்துக் கன்டெய்னரைக் கட்டித் தற்காலிக ஃபோல்டரில் வைக்கிறது. எக்ஸ்டென்ஷன்களை ஏற்கும் கருவிக்கு அந்த உழைப்பு தகும். நம் சிஎஸ்வி கருவிக்கு அல்ல.

இலுமினேட்டும் லாரவெல் ஜீரோவும்

லாரவெல் ஃபிரேம்வொர்க்கின் கன்டெய்னரை இலுமினேட் என்ற பெயரில் தனிப் பாக்கேஜாகவும் எடுக்கலாம். கம்பைல் கிடையாது, கேஷ் கிடையாது, டம்ப் கிடையாது; கேட்டால் ரிஃப்ளெக்ஷன் மூலம் கட்டித் தரும். குறைபோலத் தெரியும் இது, டெர்மினலில் பல நேரம் நிறை. பழைய கேஷ் என்ற பேச்சே எழாது. நிரலைத் தானாகத் திருத்தியமைக்கும் ரெக்டர், முதலில் சிம்ஃபொனி கன்டெய்னரோடு இருந்து, 2023இல் இலுமினேட்டுக்கு மாறியது. கம்பைல் செய்யும் கன்டெய்னர்தான் எப்போதும் முதிர்ந்த தேர்வு என்று நினைப்பவர்கள் இந்த மாற்றத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று: இங்கே இயல்பு, ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட். பகிர வேண்டுமானால் 'சிங்கிள்டன்' என்று நீங்கள் சொல்ல வேண்டும். பிஎச்பி-டிஐ, சிம்ஃபொனி, பிம்பிள் மூன்றிலும் இயல்பு இதற்கு நேர்மாறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர் இதை மறந்தால், ஒரு டிரான்சாக்ஷன் ஒரு இணைப்பில் தொடங்கி, எழுத்து வேறொரு இணைப்பில் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது.

லாரவெல் ஜீரோ இதன் மேல் கட்டிய டெர்மினல் ஃபிரேம்வொர்க். நூனோ மதுரோ தொடங்கியது. கட்டளையின் 'ஹேண்டில்' மெத்தடின் ஆர்க்யுமென்டிலேயே சர்வீஸ்களைக் கேட்கலாம் என்பதால், கன்ஸ்ட்ரக்டர் காலியாக இருக்கும், முன்கூட்டியே பிறக்கும் சிக்கல் பெருமளவு ஒழிந்துவிடும். ஃபார் கட்டும் கட்டளையும் கூடவே வருகிறது. லாரவெலில் ஊறிய குழுவுக்கு இது நாளையே உற்பத்திக்குப் போகக்கூடிய வழி. லாரவெல் தெரியாதவர் வெறும் கன்டெய்னருக்காக இதை எடுத்தால் கொசு அடிக்கக் கோடாரி எடுத்த கதைதான்: சர்வீஸ் புரொவைடர், ஃபசாட், அமைப்பு மரபுகள் எல்லாம் சேர்ந்தே வரும், பதிப்பு ஏறும்போதும் சேர்ந்தே ஏறும்.

ஏற்கெனவே சிம்ஃபொனியிலோ லாரவெலிலோ வெப் அப்ளிகேஷன் இருக்கிறது, அதற்குத் துணைக் கட்டளைகள்தான் வேண்டும் என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். அங்கேயே எழுதுங்கள். இரண்டாவது கன்டெய்னர் வைத்தால் ஒரே லாகரை இரண்டு இடத்தில் வரையறுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆப்ஷனும் அவுட்புட்டும்

முன்பு சொன்ன கோழி-முட்டை வட்டத்துக்கு வருவோம். நேர்மையான வழி, கன்டெய்னரைக் கட்டுவதற்கு முன் கட்டளை வரியை ஒருமுறை பச்சையாகப் பார்ப்பது. சிம்ஃபொனியின் ஆர்க்வி இன்புட்டில், எந்த வரையறையும் இல்லாமலேயே ஒரு ஆப்ஷனின் மதிப்பைத் தேடித் தரும் மெத்தட் இருக்கிறது. அமைப்பு ஃபைலின் பாதையை அப்படி எடுத்து, கன்டெய்னரைக் கட்டி, பிறகு அதே இன்புட்டை அப்ளிகேஷனுக்குக் கொடுக்கலாம். அந்த ஆப்ஷனை அப்ளிகேஷனின் பொது வரையறையிலும் சேர்க்க மறக்கக் கூடாது. இல்லையென்றால் பின்னால் ஓடும் கட்டளை "இப்படி ஒரு ஆப்ஷன் இல்லை" என்று மறுத்துவிடும்.

ஆனால் எல்லா ஆப்ஷனையும் கன்டெய்னருக்குள் கொண்டுபோகும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். எதையும் எழுதாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் ஆப்ஷனை எடுத்துக்கொள்வோம். அதைப் பார்த்துக் கன்டெய்னரில் எழுதும் கிளாஸையே மாற்றிவைப்பது சாமர்த்தியமாகத் தோன்றும். அது அந்த ஒரு ஓட்டத்தின் முடிவு. சேவைக்கு மெத்தட் ஆர்க்யுமென்டாகக் கொடுத்தால் போதும். கன்டெய்னர் ஒன்றைக் கட்டிய பிறகு, அது எந்த ஆப்ஷனோடு கட்டப்பட்டது என்று கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது. கம்பைல் செய்த கன்டெய்னரில் அது நடக்கவும் நடக்காது.

அவுட்புட்டுக்கு ஒரு நடைமுறை வழி உண்டு. கன்சோல் அவுட்புட் ஆப்ஜெக்டை நாமே முதலில் உருவாக்கி, கன்டெய்னரில் ஒரு சர்வீஸாக வைத்து, அதே ஆப்ஜெக்டை அப்ளிகேஷனின் 'ரன்' மெத்தடுக்கும் கொடுப்பது. கன்சோல் லாகர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால், பயனர் கூடுதல் விவரம் கேட்கும் ஆப்ஷனைக் கொடுத்ததும் லாகரும் அதற்கேற்பப் பேசும், ஏனென்றால் விவர அளவு அந்த ஒரே ஆப்ஜெக்டில்தான் மாறுகிறது. டெஸ்டில் மட்டும் இது குலையும்: கட்டளைகளைச் சோதிக்கச் சிம்ஃபொனி தரும் கமாண்ட் டெஸ்டர் தன் சொந்த அவுட்புட்டைக் கட்டளைக்குக் கொடுக்கும், லாகரோ பழையதில் எழுதிக்கொண்டிருக்கும். முன்னேற்றப் பட்டை போன்றவற்றுக்கு நான் இந்த வழியை எடுப்பதில்லை. ஏற்றும் சேவை ஒவ்வொரு வரிசையாக 'யீல்டு' செய்யட்டும், அதாவது முடிந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பித் தரட்டும். கட்டளை அதைச் சுற்றிப் பட்டையை நகர்த்தட்டும். சேவைக்குத் திரை இருப்பதே தெரிய வேண்டாம்.

நீண்ட நேரம் ஓடும் வொர்க்கர் கட்டளைகளில் பகிரப்பட்ட சர்வீஸ்கள் வேறு முகம் காட்டும். மைஎஸ்க்யூஎல் இயல்பாக 28800 நொடி சும்மா இருந்த இணைப்பை வெட்டிவிடும்; கன்டெய்னரோ அந்தச் செத்த இணைப்பையே திரும்பத் திரும்பத் தரும். எந்தக் கன்டெய்னரும் இதைத் தானாகத் தீர்க்காது. இணைப்பைப் புதுப்பிக்கும் வேலை வொர்க்கரின் சுழலில் இருக்க வேண்டும், அல்லது சில நூறு வேலைக்குப் பிறகு புராசஸே முடிந்து மறுபடி தொடங்க வேண்டும்.

நான் எதை எடுப்பேன்

நான்கு கட்டளை, ஒரு டெவலப்பர் என்றால் கையால் கோர்த்து லேஸி கமாண்ட் போடுவேன். நம் சிஎஸ்வி கருவி இன்றைக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. கட்டளைகள் பத்தைத் தாண்டினாலோ, மூன்று அடுக்குக்குக் கீழே சார்புகள் இறங்கினாலோ பிஎச்பி-டிஐ, கம்பைல் இல்லாமல். கருவி பொதுவெளியில் ஃபாராகப் போகிறது, மற்றவர்கள் அதில் எக்ஸ்டென்ஷன் சேர்ப்பார்கள் என்றால் சிம்ஃபொனி டிஐ. டம்ப் ஃபைலுக்கான உழைப்பை அப்போது மனமுவந்து ஏற்கலாம். குழு முழுக்க லாரவெல்காரர்கள் என்றால் லாரவெல் ஜீரோவை மறுத்து வாதாட மாட்டேன்.

இடையில் மனம் மாறினாலும் நட்டம் குறைவு. கட்டளைகள் தங்களுக்குத் தேவையானதைக் கன்ஸ்ட்ரக்டரில் மட்டும் கேட்டு, கன்டெய்னரை நேரடியாகத் தொடாமல் இருந்தால், மாற வேண்டியது தொடக்க ஃபைலும் வரையறை ஃபைலும் மட்டுமே. கன்ஸ்ட்ரக்டருக்குள் இணைப்பைத் திறப்பது, ஃபைலைப் படிப்பது போன்ற வேலைகளையும் வைக்காதீர்கள். சிம்ஃபொனி கமாண்டில் 'கன்ஃபிகர்' மெத்தட் தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்தே அழைக்கப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்: அதில் உங்கள் சர்வீஸைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், தாய் கன்ஸ்ட்ரக்டரை அழைப்பதற்கு முன் அதை வைத்திருக்க வேண்டும்.

கம்பைல் செய்யாத கன்டெய்னரை எடுப்பவர்கள் ஒரு டெஸ்டை அன்றைக்கே எழுதிவிடுங்கள். தொடக்க ஃபைல் கட்டும் அதே கன்டெய்னரைக் கட்டி, பதிவான ஒவ்வொரு கட்டளைப் பெயரையும் சுழற்றி, கட்டளையை உருவாக்க மட்டும் செய்யும் டெஸ்ட். எதையும் ஓட்ட வேண்டாம். லேஸி கமாண்டாக இருந்தால் உள்ளே இருக்கும் உண்மைக் கட்டளையைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் டெஸ்ட் சும்மா பச்சை காட்டும். டெஸ்டுகளைத் தானாக ஓட்டும், டேட்டாபேஸ் இல்லாத சிஐ சர்வரில் இந்த டெஸ்ட் கடந்துவிட்டால், கன்ஸ்ட்ரக்டர்கள் எதுவும் இணைப்பைத் திறக்கவில்லை என்பதும் அதோடு உறுதியாகிவிடும்.